உண்ணி கடித்த நான்காம் நாளே எடுத்த ரத்தப் பரிசோதனையில் ‘லைம் நோய் இல்லை’ என்று வந்தால் நம்பலாமா?

லைம் நோய் என்பது உண்ணிக்கடியால் பரவும் பாக்டீரியாத் தொற்று. அமெரிக்காவின் கனெக்டிகட் போன்ற, உண்ணிகள் மலிந்த மாநிலத்தில் வசிப்பவர் அந்த முடிவை மட்டும் நம்பி நிம்மதி அடைய இயலாது. வழக்கமான பரிசோதனை கிருமியைத் தேடுவதில்லை; கிருமிக்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளையே தேடுகிறது. அது போதிய அளவு சேரச் சில வாரங்கள் ஆகும் என்பதால், நோய் தொற்றியிருந்தாலும் தொடக்கத்தில் ‘இல்லை’ என்றே வரக்கூடும்.

தோலைக் கவனிப்பதே இப்போது மேலானது. கடித்த 3 முதல் 30 நாட்களுக்குள், 5 சென்டிமீட்டருக்கும் மேல் மெல்ல விரியும் செந்தடிப்பு தோன்றினால், இப்பகுதிகளில் மருத்துவர்கள் பரிசோதனைக்குக் காத்திராமல் டாக்ஸிசைக்ளின் போன்ற பாக்டீரியா எதிர்ப்பு மருந்தைத் தொடங்குவார்கள். அந்தத் தடிப்பு பெரும்பாலும் வலிப்பதோ அரிப்பதோ இல்லை. படங்களில் காட்டப்படும் வளையத்துக்குள் வளையம் என்ற தோற்றமும் பலருக்கு அமைவதில்லை. முழங்காலின் பின்புறம், அக்குள், தலைமுடியின் விளிம்பு ஆகிய இடங்களைப் பிறரைக் கொண்டு பார்க்கச் சொல்லுங்கள்.

உண்ணி எவ்வளவு நேரம் ஒட்டியிருந்தது என்பதும் முக்கியம். இந்நோயைப் பரப்பும் கருங்கால் உண்ணி பொதுவாக 24 மணி நேரத்துக்கு மேல் ரத்தம் உறிஞ்சிய பிறகே கிருமியைக் கடத்துகிறது. ஆனால் கசகசா அளவேயுள்ள இளம் உண்ணி கண்ணில் படாமலே உதிர்ந்துவிடும் என்பதால், நினைவிலுள்ள கடி ஒன்றுதான் என்று கொள்ள வேண்டாம். தடிப்பே இல்லாமல் காய்ச்சல், முகத்தின் ஒருபுறம் தொய்வு, முழங்கால் வீக்கம் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் உடனே மருத்துவரை அணுகுங்கள். மறுபரிசோதனை தேவையா என்பதை அவர் முடிவு செய்வார்.