வரி பாக்கி வைத்தால் சாதாரண ஆளுக்கு உடனே அபராதம், அமைச்சருக்கு மட்டும் பேச்சுவார்த்தையா?

இங்கிலாந்தை வைத்துப் பதில் சொல்கிறேன், எனக்குப் பழக்கமான வரிமுறை அதுதான். லண்டனில் சிறு கடைக்காரர்கள், டாக்ஸி ஓட்டுபவர்கள், வீடு சுத்தம் செய்யப் போகும் பெண்கள், இவர்களுக்கு வருடா வருடம் வரிப் படிவம் நிரப்பிக் கொடுப்பது என் பிழைப்பு. சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதானே என்றால், ஆமாம், புத்தகத்தில் ஒன்றுதான். ஆனால் ஒருவருக்கு அது கம்ப்யூட்டர் அச்சடித்து அனுப்பும் கடிதமாக வருகிறது, இன்னொருவருக்கு எதிரே உட்கார்ந்து பேசும் அதிகாரியாக வருகிறது. நீங்கள் கேட்கும் பாகுபாடு அங்கேதான் இருக்கிறது.

முதலில் சாதாரண ஆளை எடுத்துக்கொள்வோம். சுயதொழில் செய்பவர் ஜனவரி 31-க்குள் ஆன்லைனில் படிவம் தாக்கல் செய்ய வேண்டும். ஒரு நாள் தாமதமானாலும் 100 பவுண்ட் அபராதம். மூன்று மாதம் தாண்டினால் நாளுக்கு 10 பவுண்ட் வீதம் 90 நாள், அது 900. ஆறு மாதத்தில் குறைந்தது 300, ஒரு வருடத்தில் இன்னொரு 300. மொத்தம் 1,600 பவுண்ட். இதில் பலருக்கும் தெரியாதது, அவர் கட்ட வேண்டிய வரி பூஜ்யமாக இருந்தாலும் இந்த 1,600 உண்டு. 12,570 பவுண்ட் வரை வருமானத்துக்கு வரியே கிடையாது, அதற்குள் சம்பாதிக்கும் ஒரு பகுதிநேர டெலிவரி ஓட்டுநர் அரசுக்கு ஒரு காசு பாக்கி வைக்கவில்லை, படிவம் மட்டும் அனுப்பவில்லை, அவருக்கும் இதே கணக்குதான். முன்பு அப்படி இல்லை. தாமத அபராதம் கட்ட வேண்டிய வரியை மிஞ்சக் கூடாது என்று ஒரு வரம்பு இருந்தது, 2010-11 வரியாண்டிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். உடம்பு சரியில்லாமல் கிடந்தவர், வீடு மாறியதால் கடிதமே கைக்கு வராதவர், ஆங்கிலம் வாசிக்கத் தடுமாறுபவர், இவர்களையெல்லாம் அந்தக் கம்ப்யூட்டர் பிரித்துப் பார்ப்பதில்லை. போன் செய்து விளக்கலாம் என்றால் அதற்கும் வழியை அடைக்கப் பார்த்தார்கள். 2024 மார்ச்சில் இந்தப் படிவத்துக்கான உதவித் தொலைபேசியை வருடத்தில் ஆறு மாதம் மூடப்போவதாக வரித்துறையான எச்எம்ஆர்சி அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் மறுநாளே பின்வாங்கியது, ஆனால் அப்படி ஒரு யோசனை வந்ததே எனக்கு இன்னும் ஆறவில்லை.

இப்போது மறுபக்கம். நதீம் சஹாவியின் கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2000-இல் யூகவ் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர், பிறகு கன்சர்வேடிவ் கட்சி எம்.பி. ஆனவர். நிறுவனர் என்ற முறையில் அவர் பெயரில் இருக்க வேண்டிய பங்குகள் வரி குறைவான ஜிப்ரால்டரில் பதிவான பால்ஷோர் என்ற கம்பெனியிடம் இருந்தன, அது அவருடைய பெற்றோருடன் தொடர்புடையது. பிறகு அந்தப் பங்குகள் விற்கப்பட்டன, அந்த லாபத்துக்கு அவர் இங்கே வரி கட்டியிருக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி. 2022 ஜூலையில், போரிஸ் ஜான்சன் அரசு ஆட்டம் கண்டுகொண்டிருந்தபோது, இவர் நிதியமைச்சர் ஆனார். வரித்துறைக்கே மேலிடம் அதுதான். அவருடைய வரி விவகாரத்தை எச்எம்ஆர்சி 2021 ஏப்ரலிலேயே விசாரிக்க ஆரம்பித்திருந்தது. பத்திரிகைகள் எழுதியபோது அவர் அதை அவதூறு என்றார். டான் நெய்டில் என்ற வரி வழக்கறிஞர் கணக்குப் போட்டு, சுமார் 37 லட்சம் பவுண்ட் வரி விடுபட்டிருக்கலாம் என்று எழுதினார், உடனே சஹாவியின் வக்கீல்களிடமிருந்து அதை வாபஸ் வாங்கச் சொல்லிக் கடிதம் வந்தது. அப்புறம் பார்த்தால், 2022 ஆகஸ்டில் கொள்கையளவில் சமரசம், செப்டம்பரில் இறுதி ஒப்பந்தம். அபராதமும் சேர்த்து சுமார் 50 லட்சம் பவுண்ட் என்று பத்திரிகைகள் எழுதின. அதாவது வரித்துறைக்கு மேலே உட்கார்ந்திருந்த மனிதர் அதே சமயத்தில் அந்த வரித்துறையுடன் தன் சொந்த பாக்கியைப் பேசி முடித்துக்கொண்டிருந்தார். அதிகாரிகள் அவருக்குச் சலுகை காட்டினார்கள் என்று நான் சொல்லவில்லை, அதற்கு ஆதாரமும் இல்லை. ஆனால் இப்படி ஒரு நிலைமை வந்திருக்கவே கூடாது.

அவர் தரப்பு விளக்கம், தவறு கவனக்குறைவால் நடந்தது, வேண்டுமென்று செய்ததில்லை என்று வரித்துறையே ஏற்றுக்கொண்டது என்பது. இந்த வகைப்படுத்தலில் நிறைய விஷயம் இருக்கிறது, கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். கவனக்குறைவு என்றால் அபராதம் விடுபட்ட வரியில் அதிகபட்சம் 30 சதவீதம். வேண்டுமென்று செய்தது என்றால் 70 வரை, மறைக்கவும் செய்தால் 100 வரை போகும். அதோடு, 25,000 பவுண்டுக்கு மேல் வேண்டுமென்றே ஏய்த்தவர்களின் பெயர், தொழில், முகவரியை எச்எம்ஆர்சி பட்டியலாக வெளியிடுகிறது. அதில் டேக்அவே கடைக்காரர், கட்டட வேலைக்காரர் என்று சிறிய ஆட்கள் நிறையப் பேரைப் பார்க்கலாம். கவனக்குறைவு என்று முடிந்தவர்கள் அந்தப் பட்டியலுக்கு வரமாட்டார்கள். எது கவனக்குறைவு, எது வேண்டுமென்று என்பது எங்கே முடிவாகிறது? கடிதப் போக்குவரத்திலும் பேச்சுவார்த்தையிலும். நல்ல வரி ஆலோசகர் இருந்தால் ஒவ்வொரு கேள்விக்கும் ஆவணத்தோடு பதில் போகும், கால அவகாசம் கேட்கலாம், வாதாடலாம். ரசீதுகளைப் பிளாஸ்டிக் பையில் போட்டு வைத்திருக்கும் கடைக்காரர் பயத்தில் முதல் கடிதத்துக்கே பதில் போடாமல் விட்டுவிடுவார், அதுவே அவருக்கு எதிராகப் போய்விடும்.

2023 ஜனவரி 26 அன்று எச்எம்ஆர்சி தலைவர் ஜிம் ஹாரா நாடாளுமன்றக் குழுவில் பொதுவாகக் கேட்ட கேள்விக்கு, அறியாமல் செய்த தவறுக்கு அபராதம் கிடையாது என்றார். குறிப்பிட்ட ஆளைப் பற்றிப் பேசவில்லை என்றாலும் சஹாவி கட்டிய அபராதம் எதற்கு என்று நாடே புரிந்துகொண்டது. ஜனவரி 29, ஞாயிற்றுக்கிழமை, அமைச்சர்களுக்கான விதிகளை அவர் கடுமையாக மீறினார் என்று நெறிமுறை ஆலோசகர் லாரி மேக்னஸ் அறிக்கை தந்ததும், அப்போதைய பிரதமர் ரிஷி சுனக், அந்த நேரத்தில் கட்சித் தலைவராகவும் இலாகா இல்லாத அமைச்சராகவும் இருந்த சஹாவியைப் பதவியிலிருந்து நீக்கினார். எங்களுக்கு அது வருடத்திலேயே நெருக்கடியான வாரக்கடைசி, இரண்டே நாளில் கெடு. பத்து நிமிடம் தாமதித்தால்கூட 100 பவுண்ட் என்று ஆட்கள் பதறிக்கொண்டிருக்கும் நேரத்தில் டிவியில் இந்தச் செய்தி ஓடியது.

சரி, பதவி போயிற்றே, அதுவும் தண்டனைதானே என்று சிலர் கேட்பார்கள். 2025 செப்டம்பரில் துணைப் பிரதமர் ஏஞ்சலா ரெய்னரும் ஹோவ் என்ற ஊரில் வாங்கிய ஃப்ளாட்டுக்கு முத்திரை வரி சுமார் 40,000 பவுண்ட் குறைவாகக் கட்டியதால் பதவி விலகினார். அவருடைய விஷயம் வேறு மாதிரி, தானே விசாரணைக்குப் போனார், இரண்டையும் ஒன்றாக நிறுத்துவது நியாயமில்லை. ஆனால் இரண்டிலும் விஷயத்தை வெளியே கொண்டுவந்தவர்கள் பத்திரிகைக்காரர்களும் வெளி ஆட்களும்தான். யாரும் தோண்டாமல் இருந்திருந்தால் சஹாவி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு அமைச்சராகவே தொடர்ந்திருப்பார் என்பது என் எண்ணம்.

என்னைக் கேட்டால் இரண்டு மாற்றம் உடனே வேண்டும். வரியே கட்ட வேண்டாதவருக்குத் தாமத அபராதம் போடுவதை நிறுத்தி பழைய வரம்பைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். அப்புறம், அமைச்சராகும் எவர் மீதும் வரி விசாரணை நடந்துகொண்டிருந்தால் பதவியேற்கும் முன்பே அது பொதுவெளியில் தெரிய வேண்டும், நிதித்துறைக்கு அவர் போகவே கூடாது.

இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது அப்படி அபராதக் கடிதம் வந்திருந்தால், தயவுசெய்து மூடி வைக்காதீர்கள். கடிதத் தேதியிலிருந்து 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம், நியாயமான காரணம் இருந்தால் அதன் பிறகும் கேட்டுப் பார்க்கலாம். நீங்கள் படிவம் அனுப்ப வேண்டிய தேவையே இல்லாதவர் என்றால், அனுப்பச் சொன்ன நோட்டீஸையே ரத்து செய்யும்படி கேளுங்கள், அவர்கள் ஒப்புக்கொண்டால் அபராதமும் போய்விடும். ஆலோசகருக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்றால் டாக்ஸ்எய்ட் என்ற தொண்டு நிறுவனம் குறைந்த வருமானக்காரர்களுக்கு இலவசமாகவே உதவுகிறது.