ப்ளூ மூன்: அவள் வராத பாட்டு

அன்புள்ள ஐயா,

அமெரிக்க ராக் பாடகர் எல்விஸ் பிரெஸ்லியின் முதல் ஆல்பத்தை (1956) கேட்டேன். 12 பாட்டில் பெரும்பாலானவை மற்றவர்கள் ஏற்கெனவே பாடியவை. கறுப்பினப் பாடகர்களுடையதும் பல. இவரை எப்படி அசல் கலைஞர் என்கிறார்கள்? ‘ப்ளூ மூன்’ வெறும் முனகல், பாதியிலேயே தள்ளிவிட்டேன். பழைய எல்பி இசைத்தட்டைத் தேடி வாங்கலாமா?

ஒரு வாசகர், ஈரோடு

அன்புள்ள நண்பருக்கு,

எல்பி உங்கள் கைக்காசைப் பொறுத்தது. பாட்டு கறுப்பினப் பாடகர்களுடையது, பேர் வெள்ளைக்காரர்களுக்கு என்று நடந்தது அநியாயம், அதில் மறுபேச்சு இல்லை. இந்த ஆல்பத்தில் இருக்கும் ‘டூட்டி ஃப்ரூட்டி’ 1955 செப்டம்பரில் நியூ ஆர்லியன்ஸில் கறுப்பினப் பாடகர் லிட்டில் ரிச்சர்டு பாடியதுதான். எல்விஸ் பாடியது அதன் பக்கத்தில் நிற்காது.

ஆனால் ‘ப்ளூ மூனை’ப் போய்த் தள்ளினீர்களே! கொஞ்ச நாளாக ராத்திரியில் நான் கேட்டுக்கொண்டிருப்பதே அதைத்தான். 1934இல் வந்த பாட்டு, ராட்ஜர்ஸ் இசை, ஹார்ட் வரிகள். துணையில்லாதவன் நிலவிடம் முறையிடுகிறான். நடுவில் ஒருத்தி வருகிறாள், நிலா பொன்னாகிறது, கடைசிச் சரணத்தில் அவன் தனியாக இல்லை.

1954 ஆகஸ்டில், மெம்ஃபிஸ் சன் ஸ்டுடியோவில், 19 வயதுப் பையன் எல்விஸ் அவள் வரும் பகுதியையும் கடைசிச் சரணத்தையும் பாடாமலே விட்டுவிட்டான். அங்கே சொல்லே இல்லை. குரல் மட்டும் உச்சிக்கு ஏறி அலைகிறது. அதைத்தான் முனகல் என்கிறீர்கள். பின்னால் குதிரைக் குளம்படி மாதிரி டொக் டொக். அப்புறம் மறுபடி அதே முறையீடு. அவள் வரவே இல்லை. சன் ஸ்டுடியோவின் சொந்தக்காரர் சாம் பிலிப்ஸ் இதை வெளியிடவில்லை. ஆர்சிஏ என்ற இசைத்தட்டுக் கம்பெனி அவரிடம் வாங்கிய ஒலிநாடாக்களோடு வந்து இந்த ஆல்பத்தில் சேர்ந்தது. ஒரு வரிகூடப் புதிதாக எழுதாமல் பாட்டின் கதியையே மாற்றியிருக்கிறான். இது அசல் இல்லையென்றால் வேறு எது? பாட்டுக்குப் பட்டா பார்ப்பதை முதலில் விடுங்கள்.

அப்பா போன பிறகு, அம்மா சமையலறையில் ஒரு பழைய பாட்டை முணுமுணுப்பாள். இரண்டு சரணத்தோடு நிறுத்திவிடுவாள். மூன்றாவது தெரியாமல் இல்லை. சின்ன வயதில் எங்களுக்கு முழுசாகப் பாடியவள்தான். அந்தச் சரணத்தில் போனவன் திரும்பி வந்துவிடுவான். “மீதி எங்கேம்மா?” என்று கேட்டேன். பதில் சொல்லாமல் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

சரி, நல்ல காது உங்களுக்கு, இல்லாவிட்டால் அந்தக் குரல் உங்களைத் தொந்தரவே செய்திருக்காது. அவசரம்தான் கெடுக்கிறது. மூன்று நிமிஷம்கூட ஆகாத பாட்டு. போனை ஓரமாக வைத்துவிட்டு முழுசாகக் கேளுங்கள். அப்போதும் பிடிக்கவில்லையென்றால் எழுதுங்கள், சண்டை போடலாம்.