வாசகர் கேள்வி பதில்: கேம் இங்கிலீஷும் கிடங்கு இங்கிலீஷும்

நெதர்லாந்தில் ஒரு தொழிற்கல்லூரியில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறேன் என்று போன மாதம் போகிறபோக்கில் எழுதியது வினையாகிவிட்டது. வந்த கடிதங்களில் பாதி அதைப் பற்றித்தான். சரி, இந்த மாதம் முழுக்க அதையே பார்த்துவிடலாம், மற்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: என் மகன் இங்கே எம்பேஓ (தொழிற்கல்வி) நான்காம் நிலையில் லாஜிஸ்டிக்ஸ் படிக்கிறான். ராத்திரி ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு எந்த ஊர்க்காரனோடோ இங்கிலீஷிலேயே கத்தி விளையாடுகிறான். ஆனால் பயிற்சிக்குப் போன கிடங்கில் "உன் இங்கிலீஷ் போதாது" என்று சொல்லிவிட்டார்களாம். யார் சொல்வது சரி?
- ஒரு அம்மா, ஐந்தோவன்

பதில்: அக்கா, இரண்டு பேர் சொல்வதும் சரிதான். கேமில் அவனுக்கு "கவர் மீ", "பிஹைண்ட் யூ" எல்லாம் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் ஒரு போலந்து ஓட்டுநர் லாரியைப் பின்பக்கமாகக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, காகிதத்தை நீட்டி, மூன்று பேலட் (சரக்கு அடுக்குகிற தட்டு) குறைகிறதே, இதில் யார் கையெழுத்துப் போடுவது என்று கேட்கும்போது வேண்டிய வார்த்தைகள் எந்த கேமிலும் கிடையாது. தினமும் அவன் கை படுகிற சாமான்களின் டச்சுப் பெயரைச் சொல்லி இங்கிலீஷில் கேட்டுப் பாருங்கள். ஹெஃப்ட்ரக் என்றால் ஃபோர்க்லிஃப்ட் என்று உடனே சொல்லுவான். பக்பொன்? ஃப்ராக்ட்ப்ரீஃப்? முதலாவது பேக்கிங் ஸ்லிப், இரண்டாவது கன்சைன்மென்ட் நோட், இதை எந்தத் தொடரில் யார் பேசிக் கேட்டிருப்பான்? பேலட்டைத் தூக்கிக் கையால் இழுக்கிற அந்த வண்டிக்கு டச்சில் பொம்ப்வாகன். என் வகுப்பில் ஒரு பையன் அதை அப்படியே "பம்ப் வேகன்" ஆக்கிவிட்டான். பேலட் ட்ரக் என்று சொன்னபோது, இவ்வளவுதானா என்று அவனுக்கே ஏமாற்றம்.

வார்த்தையைவிட மோசம் எண்கள். டச்சில் 45ஐ "ஐந்தும் நாற்பதும்" என்கிற வரிசையில்தான் சொல்வார்கள். இங்கிலீஷில் அவசரமாகச் சொல்லும்போது அது 54 ஆகிவிடும், லாரி தப்பான கதவுக்குப் போகும். நேரமும் அப்படித்தான். நாம் இரண்டரை என்பதை அவர்கள் "அரை மூன்று" என்பார்கள், அதாவது மூன்றை நோக்கிப் பாதி வழி வந்தாயிற்று என்ற கணக்கு. அதையே உங்கள் மகன் இங்கிலீஷில் "ஹாஃப் த்ரீ" என்றால் இங்கிலாந்துக்காரர் காதில் அது மூன்றரை, ஒரு மணி நேரம் போச்சு. அப்புறம் புள்ளி. டச்சுக் காகிதத்தில் 1.500 கிலோ என்றால் ஆயிரத்து ஐந்நூறு, ஏனென்றால் ஆயிரத்துக்குப் புள்ளியும் தசமத்துக்குக் காற்புள்ளியும் போடுவது அவர்கள் வழக்கம். இங்கிலீஷ் வழக்கத்தில் படிப்பவருக்கோ அது ஒன்றரைக் கிலோ. வீட்டில் தமிழில் எண்ணிப் பழகிய பிள்ளை என்றால் இந்த விஷயத்தில் கொஞ்சம் தப்பிக்கலாம், நம் நாற்பத்தைந்தும் இங்கிலீஷ்காரன் வரிசையிலேயே போகிறது.

என்ன செய்யலாம்? வேலை இடத்தில் அனுமதி கேட்டு, வாரத்துக்குப் பத்து சாமான்களை போனில் படம் எடுக்கச் சொல்லுங்கள், ஒவ்வொன்றுக்கும் இங்கிலீஷ் பெயர், அதோடு அதை வைத்து நிஜமாகவே யாரிடமாவது சொல்லக்கூடிய ஒரு வாக்கியம். எண்ணைச் சொன்னால் இலக்கம் இலக்கமாகத் திருப்பிச் சொல்லட்டும்: "ஃபோர், ஃபைவ்". நேரத்துக்கு "டூ தர்ட்டி" போதும், அழகு வேண்டாம். இன்னொன்று, எதிரே நிற்கிற ஓட்டுநருக்கும் இங்கிலீஷ் இரண்டாம் மொழியோ மூன்றாம் மொழியோதான். கேமில் கற்ற கொச்சையை வேகமாக எடுத்துவிட்டால் அந்த மனிதருக்கு ஒன்றும் புரியாது. கிடங்கில் "உன் இங்கிலீஷ் போதாது" என்றது அநேகமாக இதைத்தான், குறைவாகப் பேசுகிறான் என்பதை அல்ல. இதற்கென்றே தொழிற்சூழல் ஆங்கிலம் என்று ஒரு விருப்பப் பாடம் உண்டு, ஏ2, பி1, பி2 என்று படிநிலைகளில் (ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலில் கீழிருந்து மேலாக). அவன் கல்லூரியில் நடக்கிறதா என்று விசாரிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: நெதர்லாந்தில் பால்காரர்கூட இங்கிலீஷ் பேசுவார் என்கிறார்கள். பிறகு எதற்குத் தனியாக ஒரு பாடம், அதுவும் குழாய் வேலை, சமையல் வேலை படிக்கிற பிள்ளைகளுக்கு?
- ஒரு வாசகர், மதுரை

பதில்: பேசுவார்கள் என்பது உண்மைதான். 1986 முதல் தொடக்கப்பள்ளியின் கடைசி இரண்டு வகுப்புகளிலாவது இங்கிலீஷ் கட்டாயம். தொலைக்காட்சியில் பெரியவர்களுக்கான வெளிநாட்டு நிகழ்ச்சிகளை டப்பிங் செய்ய மாட்டார்கள், கீழே டச்சு எழுத்து ஓடும், அதனால் காது சின்ன வயதிலேயே பழகிவிடும். ஆனால் வேலை இடத்துக்குப் பழகிய காது மட்டும் போதாது, அதற்குத்தான் பாடம்.

எம்பேஓ என்பது ஏதோ படிப்பு வராதவர்கள் ஒதுங்குகிற இடம் என்று நினைத்துவிடாதீர்கள் (ஊரில் ஐடிஐ பற்றி நாம் நினைக்கிற லட்சணம் எனக்குத் தெரியும்). நர்ஸ், மெக்கானிக், பேக்கரிக்காரர், கணக்கு உதவியாளர், விமானப் பராமரிப்பாளர் எல்லாரும் இந்த வழியாகத்தான் வருகிறார்கள். நான்கு நிலைகள். பள்ளியில் இருந்துகொண்டு இடையிடையே பயிற்சிக்குப் போவது ஒரு வழி, அதன் பெயர் பிஓஎல். ஊழியராகவே சேர்ந்து, வழக்கமாக வாரத்தில் ஒரு நாள் மட்டும் வகுப்புக்கு வருவது இன்னொரு வழி, அது பிபிஎல். நான்காம் நிலையில் இங்கிலீஷ் இல்லாமல் டிப்ளமா கிடையாது. வாசிப்பதும் கேட்பதும் நாடு முழுக்க ஒரே தேர்வு, பி1 அளவில். பேசுவது, உரையாடுவது, எழுதுவது மூன்றும் கல்லூரியே நடத்துவது, அதற்கு ஏ2 போதும். பத்துக்குப் போடுகிற மதிப்பெண்ணில் டச்சு, இங்கிலீஷ் இரண்டில் ஒன்றில் 6 இருந்தால் மற்றதில் 5 வாங்கியும் தேறலாம்.

இதில் எனக்கு ஒரு குறை உண்டு. படிக்க, கேட்க உயர்ந்த அளவு, வாயைத் திறக்கக் குறைந்த அளவு என்று வைத்திருக்கிறார்கள், ஆனால் வேலையில் முதலில் திறக்க வேண்டியது வாய்தான். வாய் திறந்தால் என்ன வரும் என்பதற்கு டச்சுக்காரர்களே ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: ஸ்டேய்ன்கோலன் எங்கல்ஸ், நிலக்கரி இங்கிலீஷ். 1900 வாக்கில் நிலக்கரிக் கப்பல்களில் வந்த இங்கிலீஷ்காரர்களோடு துறைமுகத் தொழிலாளிகள் பேசிய அரைகுறை மொழியிலிருந்து வந்த பெயர் என்பார்கள். கேலிப் பெயர்தான், ஆனாலும் எனக்கு அந்தத் தொழிலாளிகள் மேல் மரியாதை. கப்பல் காலியாகியிருக்கிறதே!

கேள்வி: வணக்கம் டீச்சர். எனக்கு 19 வயது, நர்ஸிங் எம்பேஓ படிக்கிறேன், ஹேக்கில் மருத்துவமனைப் பயிற்சி. டச்சு தெரியாத நோயாளி வந்தாலே கை நடுங்குகிறது. கூடப் படிப்பவர்கள் என் இங்கிலீஷைக் கேட்டுச் சிரிக்கிறார்கள்.
- ஒரு மாணவி, தி ஹேக்

பதில்: தங்கச்சி, தூதரகங்களும் சர்வதேச நீதிமன்றமும் இருக்கிற ஊரில் போய் மாட்டியிருக்கிறாய், அங்கே டச்சு பேசாத நோயாளி தினமும் வரத்தான் செய்வார். சிரிக்கிறவர்களை விடு. நான் வந்த புதிதில் ஆசிரியர் அறையில் "எனக்கு வெக்கையாக இருக்கிறது" என்று டச்சில் சொல்லப் போய், இங்கிலீஷ் வாக்கியத்தை அப்படியே டச்சில் போட்டுச் சொல்லிவிட்டேன். டச்சில் அதன் அர்த்தம் குடும்பப் பத்திரிகையில் எழுதக்கூடியது இல்லை. பதினைந்து பேர் சிரித்தார்கள், அந்த வாக்கியத்தை மட்டும் இன்றுவரை தப்பாகச் சொன்னதில்லை.

உன் விஷயத்தில் பயப்பட வேண்டியது இலக்கணத்துக்கு அல்ல, டச்சிலிருந்து நழுவி வருகிற சில வார்த்தைகளுக்கு. "வேண்டும்" என்பதற்கு டச்சில் மூட்டன் சாதாரண வார்த்தை, இங்கிலீஷில் அதையே "யூ மஸ்ட் வெயிட் ஹியர்" என்றால் போலீஸ்காரர் மாதிரி இருக்கும். "குட் யூ வெயிட் ஹியர், ப்ளீஸ்" என்று சொல்லிப் பழகு. மாத்திரையை நீட்டும்போது டச்சில் அல்ஸ்தூப்லீஃப்ட் சொல்வார்கள் இல்லையா, அந்தப் பழக்கத்தில் இங்கிலீஷில் "ப்ளீஸ்" என்றால் நோயாளி நீ ஏதோ கெஞ்சுகிறாய் என்று முழிப்பார். அங்கே "ஹியர் யூ ஆர்". ஊசி போடுவதற்கான டச்சு வார்த்தையைத் தயவுசெய்து ஒலி மாறாமல் இங்கிலீஷாக்காதே, ஏன் என்று சீனியரிடம் கேட்டுக்கொள். பிரிட்டிஷ் நர்ஸுகள் "ஷார்ப் ஸ்க்ராட்ச்" என்பார்கள், சுருக்கென்று ஒரு கீறல், அவ்வளவுதான்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது ஏவென்ட்யுவேல். டச்சில் அதற்குத் தேவைப்பட்டால் என்று பொருள். இங்கிலீஷில் "இவென்சுவலி" என்றால் கடைசியில் எப்படியும் என்று ஆகிவிடும். தேவைப்பட்டால் டாக்டரைக் கூப்பிடுவோம் என்று நீ நினைத்துச் சொல்ல, டாக்டர் எப்படியும் வருவார் என்று அவர் ராத்திரி முழுக்க விழித்துக்கொண்டிருப்பார். "இஃப் நெசசரி" என்று சொல்லு.

நீ சொன்னதை நோயாளியையே திருப்பிச் சொல்லச் சொல்வது நல்ல பழக்கம், புரிந்ததா என்று கேட்டால் எல்லாரும் தலையை ஆட்டிவிடுவார்கள். ஆனால் ஒன்று: அறுவை சிகிச்சைக்குச் சம்மதம், மருந்தின் அளவு, ஒவ்வாமை இதெல்லாம் வந்தால் உன் இங்கிலீஷை நம்பி இறங்காதே. பொறுப்பு நர்ஸைக் கூப்பிடு. அதற்கு ஒரு வாக்கியம் மனப்பாடமாக இருக்கட்டும்: "ஐ வில் கெட் மை கலீக்."

கேள்வி: யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நான்கு வருடம். பிபிஎல் வழியில் வெப்பமூட்டும் கருவி பொருத்தும் வேலை பழகுகிறேன். என் டச்சு இன்னும் மோசம், இங்கிலீஷ் பரவாயில்லை. இங்கிலீஷையே நன்றாகத் தேற்றிக்கொண்டால் போதாதா?
- ஒரு தந்தை, பிரேடா

பதில்: போதாது அண்ணா. உங்கள் வாடிக்கையாளர் பிரேடாவில் கொதிகலன் ஓடாமல் குளிரில் நிற்கிற ஒரு பாட்டி. தேர்வும் டச்சில், சக தொழிலாளி ஏணி மேலிருந்து எச்சரிக்கை கத்துவதும் டச்சில். முதலில் அதைப் பிடியுங்கள். இங்கிலீஷை மாற்றுப்பண்டமாக வைத்துக்கொள்ளலாம்: கருவியின் கையேடு இங்கிலீஷில் வந்தால் நீங்கள் வாசித்துச் சொல்லுங்கள், பதிலுக்கு மதிய ரொட்டி நேரத்தில் அவர்கள் உங்கள் டச்சைத் திருத்தட்டும். ஒரு சின்ன வேடிக்கை, நீங்கள் ஊர்ப் பழக்கத்தில் ஸ்பேனர் என்பீர்கள், அமெரிக்கப் படம் பார்த்து வளர்ந்த பையன் ரெஞ்ச் என்பான், கடைசியில் இரண்டு பேரும் மூர்ஸ்லூட்டலைத்தான் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

கேள்வி: போனிலேயே மொழிபெயர்ப்புச் செயலி இருக்கும்போது இவ்வளவு சிரமம் ஏன்?
- ஒரு மாணவர், ரோட்டர்டாம்

பதில்: மின்னஞ்சலுக்குத் தாராளமாக வைத்துக்கொள், நானும்தான் வைத்திருக்கிறேன். ஆனால் கையுறையைக் கழற்றி, போனைத் திறந்து, இரைச்சலில் இரண்டு தடவை பேசிப் பார்ப்பதற்குள் ஃபோர்க்லிஃப்ட் பின்னால் வந்துவிடும் தம்பி. "ஸ்டாப்", "வாட்ச் அவுட்", "மூவ் பேக்" மூன்றும் செயலி இல்லாமல் வாயில் வர வேண்டும். மின்னஞ்சலிலும் அனுப்புமுன் எண்களை மட்டும் நீயே ஒருமுறை பார்த்துக்கொள், மேலே அந்த அம்மாவுக்குச் சொன்ன புள்ளி விவகாரம் செயலியிலும் சில நேரம் அப்படியே கிடக்கும்.