ஊற்றெடுக்கும் தொட்டி விரிசலும் விரைந்து இறுகும் இயற்கைச் சிமெண்டும்

கேள்வி: எங்கள் தோட்டம் கீழ்பவானி வாய்க்காலை ஒட்டி உள்ளது. பாதியளவு தரைக்குள் இறங்கியிருக்கும் செங்கல் தொட்டியில் மாடுகளுக்குத் தண்ணீர் தேக்கி வைக்கிறோம். அதிலேயே ஜிலேபி மீனும் விட்டிருக்கிறோம். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் அடிச்சுவர் விரிசல் வழியாக வெளித்தண்ணீர் மண்ணோடு உள்ளே ஊறுகிறது. வாய்க்கால் நின்றபின் அதே வழியாகத் தொட்டித் தண்ணீர் வெளியேறிவிடுகிறது. சிமெண்ட் பூசிப் பார்த்தோம். இறுகுவதற்குள் கரைந்து போயிற்று. தண்ணீருக்குள்ளேயே இறுகும் இயற்கைச் சிமெண்ட் உண்டு என்கிறார்கள். அதைப் பயன்படுத்தலாமா?

பதில்: பயன்படுத்தலாம் ஐயா. ஆனால் வேலையைத் தொடங்கும் முன் ஒரு எச்சரிக்கை. சுற்றிலும் நிலத்தடி நீர் மேலேறி நிற்கும் இந்த நாட்களில் தொட்டியை முழுவதும் இறைத்துக் காலி செய்துவிடாதீர்கள். வெளித்தண்ணீரின் அழுத்தம் அடித்தளத்தை மேல்நோக்கித் தள்ளும். எடை குறைந்த தொட்டியாக இருந்தால் தளம் வெடிக்கும், சில வேளை தொட்டியே மேலெழும்பிவிடும். ஒரு விரிசலை அடைக்கப் போய்ப் பத்து விரிசலைத் தேடிக்கொண்டதாக ஆகும்.

நீங்கள் பூசிய சாதாரணச் சிமெண்டின் மீது குறை இல்லை. அது இறுகத் தொடங்க 30 நிமிடத்துக்குக் குறையக் கூடாது என்பதே இந்தியத் தர அளவு; கொத்தனார் கலந்து, சுமந்து, பூசி முடிக்க அந்த அவகாசம் தேவை. ஓடும் தண்ணீர் அந்த அரை மணி நேரத்தில் பசையை அரித்துக்கொண்டு போய்விடுகிறது. இயற்கைச் சிமெண்ட் என்பது களிமண் இயல்பாகவே கலந்திருக்கும் சுண்ணாம்புக் கல்லைச் சாதாரணச் சிமெண்டைவிடக் குறைந்த வெப்பத்தில் சுட்டு அரைத்த பொடி. 1796இல் இங்கிலாந்தில் ஜேம்ஸ் பார்க்கர் இதற்குக் காப்புரிமை பெற்றார். பிரான்சில் கிரெனோபிள் பகுதியில் இன்றும் தயாரிக்கிறார்கள். அதில் உள்ள அலுமினேட் சேர்மங்கள் தண்ணீர் பட்டதும் வினைபுரிவதால் சில நிமிடங்களிலேயே கல்லாகிவிடும். நம் ஊர்க் கடைகளில் வழக்கமாகக் கிடைப்பது, 'வாட்டர் பிளக்' என்று கேட்டால் தரும் கசிவடைப்புப் பொடி. சரக்கு வேறானாலும் கையாளும் முறை ஏறத்தாழ ஒன்றே. சாதாரணச் சிமெண்டில் சலவை சோடா கலந்து அடைக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அது சீக்கிரம் இறுகினாலும் பின்னாளில் வலுக் குறையும் என்பதால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

உங்கள் தொட்டிக்கு எளிதான வழி, ஓட்டத்தை முதலில் நிறுத்துவதுதான். மீன்களை வேறு தொட்டிக்கு மாற்றிவிட்டு, தொட்டித் தண்ணீரை வெளியில் நிற்கும் நிலத்தடி நீர்மட்டத்துக்குச் சமமாக வையுங்கள். இரண்டு பக்கமும் சமமானால் விரிசலில் தண்ணீர் உள்ளேயும் வராது, வெளியேயும் போகாது. விரிசல் அருகே சிறிது மஞ்சள் தூளைக் கரைத்து விட்டால், அது அசையாமல் நிற்கிறதா என்பதைக் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்து விரிசலை உளியால் வெட்டுங்கள். வேலை நிலைப்பதும் நிலைக்காமல் போவதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான். வாய் அகன்று உள்ளே குறுகினால் அடைப்பு ஆப்பு போல் வெளியே வந்துவிடும். ஆகையால் வாயைவிட உட்புறம் சற்று அகலமாக இருக்கும்படி, குறைந்தது 2 செ.மீ. அகலமும் 2 முதல் 3 செ.மீ. ஆழமும் வருமாறு வெட்ட வேண்டும். பாசியையும் உதிரி மண்ணையும் கம்பித் தூரிகையால் தேய்த்து எடுத்துவிடுங்கள்.

ரப்பர் கையுறை கட்டாயம். இந்தப் பொடியின் காரம் தோலைப் புண்ணாக்கும். பையில் அச்சிட்டிருக்கும் அளவுப்படி, ஒரு கைப்பிடிப் பொடியை மட்டும் குளிர்ந்த தண்ணீரில் கெட்டியாகப் பிசைந்து உருண்டையாக்குங்கள். நம் வெயிலில் இது இன்னும் விரைவாக இறுகும் என்பதால் பொடியையும் தண்ணீரையும் நிழலில் வைத்திருங்கள். உருண்டையை உடனே தண்ணீரில் இறக்கினால் மேற்பரப்பு கரைந்து பால் போல் பிரியும். உள்ளங்கையில் வைத்திருக்கும்போது அது மெல்ல விறைத்து இளஞ்சூடாவது கையுறை வழியாகவே தெரியும். அந்தக் கணத்தில் தண்ணீருக்குள் கொண்டுபோய்க் குழியில் அழுத்தி, திருகாமலும் அசைக்காமலும் மூன்று முதல் ஐந்து நிமிடம் உள்ளங்கையாலேயே பிடித்துக்கொள்ள வேண்டும். செங்குத்தான விரிசலானால் மேலிருந்து கீழாக அடைத்து வாருங்கள். இறுகத் தொடங்கிய கலவையில் மீண்டும் தண்ணீர் விட்டுப் பிசைவது வீண். அதை எறிந்துவிட்டுப் புதிதாகக் கலக்கவும்.

வெளியே தண்ணீர் மிக உயர்ந்து நின்று, மட்டத்தைச் சமமாக்க முடியாத நிலை இருந்தால், விரிசலின் கீழ்முனையில் ஒரு சிறு பிளாஸ்டிக் குழாயைச் செருகித் தண்ணீர் அதன் வழியாக மட்டும் வருமாறு விடுங்கள். அழுத்தம் குழாயில் இறங்குவதால் சுற்றியுள்ள அடைப்பு நிம்மதியாக இறுகும். மறுநாள் குழாயை உருவிவிட்டு, அந்த ஒரு துளையைக் கடைசியாக அடைக்கலாம்.

இந்தச் சிமெண்டை முழுச் சுவருக்கும் பூச்சாகப் போட வேண்டாம். கசிவின் வாயை அடைப்பதோடு அதன் வேலை முடிந்தது. வாய்க்கால் நின்று நிலத்தடி நீர் இறங்கியபின் தொட்டியைக் காலி செய்து, உட்சுவர் முழுவதும் ஒன்றுக்கு மூன்று சிமெண்ட் மணல் கலவையில் நீர்த்தடுப்புப் பூச்சு கொடுத்து, ஒரு வாரம் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடித்தளம் தொடர்ந்து அமிழ்ந்துகொண்டிருந்தால் விரிசல் பக்கத்திலேயே மறுபடி திறக்கும். அப்போது அடைப்பதைவிட அடித்தளத்தைச் சரிசெய்வதே முதல் வேலை.

மீன்களைத் திரும்ப விட அவசரம் வேண்டாம். புதுச் சிமெண்டிலிருந்து இறங்கும் சுண்ணாம்பு தண்ணீரின் காரத்தன்மையை உயர்த்தி மீனின் செவுளைப் பாதிக்கும். தொட்டியை நிரப்பி நான்கைந்து நாள் வைத்து வடித்துவிடுவதை மூன்று முறை செய்யுங்கள். பிறகு தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். தாளில் பார்த்து 6.5க்கும் 9க்கும் இடையில் இருந்தால் முதலில் நான்கைந்து மீன்களை மட்டும் விட்டு, இரண்டு நாள் அவை நன்றாக இரை எடுத்தால் மீதியையும் விடலாம். மாடுகளுக்கும் அதுவரை வேறு தண்ணீரே கொடுங்கள்.