அம்பாசடர் முன்கண்ணாடி ரப்பர் ஏறவே மாட்டேன் என்கிறது, கிரீஸ் தடவலாமா?

கிரீஸ் வேண்டாங்க. பெட்ரோலிய எண்ணெய் பட்டால் இயற்கை ரப்பர் உப்பி, நாளடைவில் கொழகொழத்துவிடும். சோப்புத் தண்ணீரே போதும்.

பொள்ளாச்சி மார்கழிக் குளிரில் புது ரப்பர்கூட கொஞ்சம் விறைப்பாக இருக்கலாம். முதலில் சுடுதண்ணீரில் ஊறப்போடுங்கள். அப்புறம் கண்ணாடியைச் சுற்றி மாட்டி, பாடித் தகரம் நுழைய வேண்டிய பள்ளத்தில் வழவழப்பான கயிற்றைச் சுற்றிலும் பதியுங்கள். எனக்குக் கைகொடுத்தது திருப்பூர் பனியன் கம்பெனி நாடா! இரு முனைகளும் கீழ்ப்பக்க நடுவிலிருந்து வண்டிக்குள் தொங்கட்டும். ஒருவர் வெளியே உள்ளங்கையால் கண்ணாடியைத் தட்டித் தட்டி அழுத்த, நீங்கள் உள்ளிருந்து கயிற்றை மெதுவாக இழுங்கள். ரப்பரின் உள்விளிம்பு அங்குலம் அங்குலமாகத் தகரத்தின்மேல் புரண்டு உட்காரும். மூலையில் அவசரப்பட்டால் கண்ணாடி விரிசல் விடும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பாதீர்கள், நான் நெம்பிக் கிழித்த இடத்தில் இன்றும் மழைத்தண்ணீர் ஒழுகுகிறது.