அரை ஏக்கர் நிலமும் ஒரு நரம்புப் பரிசோதனையும்

அன்புள்ள ஐயா,

மகள் இரண்டாம் முறை எழுதியும் நீட் தேர்வில் அரசு இடத்துக்கான மதிப்பெண் வரவில்லை என்றும், அரை ஏக்கர் நிலத்தை விற்றாவது தனியார் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். சேர்க்கும்படி உங்கள் அண்ணன் வற்புறுத்துகிறார் என்றும் எழுதியிருந்தீர்கள். உங்கள் கவலை நியாயமானது; அண்ணனின் யோசனை நியாயமானதன்று. ஐந்தரை ஆண்டுப் படிப்புக்கே நிலம் போய்விட்டால், அதன்பின் மேற்படிப்புக்கும் இளையவனின் படிப்புக்கும் எதை விற்பீர்கள்? மேலும், மருத்துவராக வேண்டுமென்று உங்கள் மகள் என்னிடம் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. இயற்பியல் ஆய்வகத்தில் அளவுகள் ஒத்துவரும்வரை எழுந்து வர மனம் வராது என்றுதான் சொன்னாள்.

அந்தக் குணத்துக்கென்றே ஒரு படிப்பு இருக்கிறது: நரம்பு, மூளை, தசை ஆகியவற்றின் மின்துடிப்பை அளந்து பார்க்கக் கற்றுத்தரும் பி.எஸ்சி. நியூரோ எலக்ட்ரோ பிசியாலஜி. தமிழ்நாட்டில் துணை மருத்துவப் பட்டப்படிப்புகளோடு பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே இதற்கும் சேர்க்கை நடக்கிறது. பெங்களூருவின் மனநல, நரம்பியல் மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸிலும் இத்துறைப் பயிற்சி உண்டு.

விரல் மரத்துப்போய் வரும் ஒரு சர்க்கரை நோயாளியை எண்ணிப் பாருங்கள். அவர் கட்டைவிரல் மேட்டில் மின்முனையை ஒட்டி, மணிக்கட்டில் ஒருமுறையும் முழங்கை மடிப்பில் ஒருமுறையும் நரம்பை மெல்லிய மின்சாரத்தால் தூண்டுகிறார்கள். தசை துடிப்பது திரையில் அலையாக எழுகிறது. இரண்டு இடங்களுக்கும் இடைப்பட்ட தூரத்தை நாடாவால் அளந்து, இரு முறையும் அலை எழ எடுத்த நேரங்களின் வித்தியாசத்தால் வகுத்தால் நரம்பின் வேகம் கிடைக்கும். நலமான கையில் அது நொடிக்கு ஏறத்தாழ 50 மீட்டருக்கு மேல் இருக்கும். கை ஒரு டிகிரி குளிர்ந்தால் சுமார் 2 மீட்டர் குறையும் என்பதால், ஏ.சி. அறையில் காத்திருந்த முதியவரின் கையை வெதுவெதுப்பாக்காமல் அளந்தால், இல்லாத நோய் அறிக்கையில் ஏறிவிடும். உங்கள் மகளைப் போன்ற பொறுமைசாலிதான் அந்த நாற்காலியில் உட்கார வேண்டும். முதுகுத்தண்டு அறுவை சிகிச்சை நடக்கும்போதே நரம்புக்குச் சேதம் வராமல் கண்காணிக்கும் பணியும் இத்துறையைச் சேர்ந்ததே.

ஒன்றை மறைக்கமாட்டேன். தசையில் ஊசி செலுத்திப் பார்க்கும் ஈ.எம்.ஜி.யை வழக்கமாக நரம்பியல் மருத்துவர்தான் செய்வார். நோயின் பெயரைச் சொல்வதும் அவரே. தொடக்கச் சம்பளமும் பெரிதாக இராது. ஆனால் 2021-ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் இத்தொழில்நுட்பரைப் பெயர் சொல்லி அங்கீகரிக்கிறது.

பணம் கட்டுமுன், பல்கலைக்கழக இணைப்பு உண்டா, தினமும் நோயாளிகள் வரும் நரம்பியல் பிரிவு அக்கல்லூரியில் உண்டா என்று நேரில் போய்க் கேளுங்கள். அடுத்த வாரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒன்றில் அனுமதி பெற்று, மகளை அரைநாள் இந்தப் பரிசோதனை நடக்கும் அறையில் உட்காரவையுங்கள். அவள் திரும்பி வந்து பேசும்வரை நிலப் பத்திரம் உங்கள் பீரோவிலேயே இருக்கட்டும்.