பெர்மிங் செய்தால் கூந்தல் பொசுபொசுவென்று நிற்குமா?

கேள்வி: எனக்கு வயது 33. இடுப்பைத் தொடும் நேரான, மெல்லிய முடி. தலைக்குக் குளித்த மறுநாளே உச்சியில் படிந்துவிடுகிறது. பின்னினால் எலிவால்தான். இரண்டரை வருடம் முன்பு முடியை நேராக்கும் ஸ்மூத்தனிங் செய்தேன். மாதம் ஒரு முறை பாக்கெட் ஹென்னா போடுகிறேன். முழு முடிக்கும் பெர்மிங் (மருந்து போட்டு முடியைச் சுருட்டுவது) செய்தால் அடர்த்தியாகத் தெரியும் என்கிறார் பார்லர் அக்கா. நீளத்தைக் குறைக்க மனமில்லை. செய்யலாமா?
- வாசகி, ஈரோடு

பதில்: முழு முடிக்கும் வேண்டாம். உச்சிக்கு மட்டும் செய்யலாம், அதுவும் ஒரு சோதனையில் தேறினால்.

உங்கள் கணக்கைப் பாருங்கள். முடி மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. வளரும். இரண்டரை வருடத்தில் வேரிலிருந்து 30 செ.மீ. புது முடி வந்திருக்கும். அதற்குக் கீழே தொங்குவதெல்லாம் ஸ்மூத்தனிங் பார்த்த முடி. முடிக்குள் இருக்கும் கந்தகப் பிணைப்புகளில் ஒரு பங்கை அறுத்து, ராட் என்னும் சிறு உருளையில் சுற்றிய வடிவத்திலேயே மறுபடி கோர்ப்பதுதான் பெர்மிங். அறுப்பது தயோகிளைகோலேட் லோஷன். கோர்ப்பது ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்த நியூட்ரலைசர். அறுத்ததெல்லாம் திரும்பக் கூடிவிடாது. ஸ்மூத்தனிங்கில் பெரும்பாலும் இதே வகை மருந்துதான். ஒரு முறை அறுபட்ட முடியை மறுபடி அறுத்தால், ஈரத்தில் ரப்பர் போல இழுபட்டு, காய்ந்ததும் பொட்டுப் பொட்டாக ஒடியும்.

இன்னொன்று, நீள முடிக்கு எடைதான் எதிரி. நுனி முதல் வேர் வரை சுருட்டினாலும் கீழ்ப்பகுதியின் கனம் உச்சிச் சுருளை இழுத்து நேராக்கிவிடும். கீழே சுருள், மேலே பழையபடி படிவு. நுனியிலிருந்து சுற்றிக்கொண்டு போகும்போது அடுக்கடுக்காக முடி சேர்ந்து ராடே தடிக்கிறது. அதனால் வேரருகே சுருள் தளர்ந்தே விழும். ஜப்பானிலிருந்து வந்த டிஜிட்டல் பெர்மும் உங்களுக்கு உதவாது. அதில் ராடைச் சூடாக்குவார்கள், தலைத்தோல் அருகே கொண்டுபோக முடியாது. உங்களுக்குத் தேவை சுருள் அல்ல, வேரில் ஒரு தூக்கல். அதற்குத்தான் ரூட் பெர்ம், அதாவது வேரருகே மட்டும் செய்யும் பெர்மிங்.

அதற்கு முன் அந்த ஹென்னா. வெறும் மருதாணி இலைப்பொடி என்றால், முடியில் படிந்து லோஷனைச் சீராக உள்ளே விடாது. ஒரு கற்றை சுருளும், பக்கத்துக் கற்றை சுருளாது. அவ்வளவுதான் கெடுதல். ஆனால் சில பாக்கெட் கலவைகளில் உலோக உப்பு இருக்கும். அது நியூட்ரலைசரில் உள்ள பெராக்சைடுடன் சேர்ந்தால் சூடேறி, முடி தலையிலேயே வெந்துபோகும். இதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. பின்கழுத்தருகே, வெளியில் தெரியாத இடத்தில் பத்துப் பதினைந்து இழைகளை வெட்டிக் கொடுங்கள். 20 வால்யூம் (6 சதவீத) பெராக்சைடு 30 மி.லி.யில் 28 சதவீத அம்மோனியா 20 சொட்டு விட்டு, அதில் அரை மணி நேரம் ஊறப்போடச் சொல்லுங்கள். கண்ணாடிக் கிண்ணம், திறந்த ஜன்னல், கையுறை அவசியம். இது பார்லரில் செய்ய வேண்டிய வேலை, வீட்டில் வேண்டாம். நுரைத்தாலோ, கிண்ணம் சூடானாலோ, முடி குழைந்தாலோ பெர்மிங்கை மறந்துவிடுங்கள். தேறிவிட்டால் இன்னொரு கற்றையில் லோஷன், நியூட்ரலைசர் இரண்டையும் போட்டுப் பார்த்த பிறகே தலையில் கை வைக்க வேண்டும்.

செய்யும் நாளுக்கு மூன்று நாள் முன்பிருந்து எண்ணெய் கூடாது. போர் தண்ணீரில் குளிப்பவராக இருந்தால் உப்புப் படிவை நீக்கும் கிளாரிஃபையிங் ஷாம்பூவால் அலசச் சொல்லுங்கள். தலைத்தோலைத் தேய்க்கக் கூடாது. தேய்த்த தோலில் லோஷன் எரியும்.

நாற்காலியில் உட்கார்ந்ததும் கவனிக்க வேண்டியது ராடும் கோணமும். 20 முதல் 25 மி.மீ. தடிமனுள்ள ராட் போதும். மெல்லியதைப் போட்டால் ஸ்பிரிங் மாதிரி ஆகிவிடும். பிரிக்கும் பகுதியின் அகலம் ராடின் தடிமனுக்குச் சமமாக இருக்கட்டும். வேரிலிருந்து 8 முதல் 10 செ.மீ. மட்டும் ராடில் ஏறும். மீதி நீளத்துக்குக் கண்டிஷனர் பூசி, பிளாஸ்டிக் தாளில் சுற்றி ஒதுக்கிவிட வேண்டும். கற்றையைத் தலைத்தோலுக்குச் செங்குத்தான நிலையைவிட 45 டிகிரி அதிகமாக முன்னால் சாய்த்துப் பிடித்துச் சுற்றினால்தான் ராட் தன் அடிவேரிலேயே உட்கார்ந்து முடி எழும்பும். பின்பக்கம் தாழ்த்திச் சுற்றினால் காசு வீண். ராடுகளை வரிசையாக அடுக்காமல், செங்கல் கட்டுவது போல மாற்றி மாற்றி வைத்தால் தலையில் கோடு விழாது. ரப்பர் பேண்ட் முறுக்கில்லாமல், வேரை அழுத்தாமல் இருக்க வேண்டும். பெர்மிங் செய்த இடத்தில் முடி வரிசையாக ஒடிந்தால் பெரும்பாலும் குற்றவாளி பேண்ட்தான்.

நேரத்தைக் கடிகாரம் சொல்லாது. சில நிமிடங்களுக்கு ஒரு முறை ஒரு ராடைக் கொஞ்சம் அவிழ்த்துப் பார்க்க வேண்டும். ஆங்கில 'எஸ்' வளைவு தெளிவாக விழுந்ததும் நிறுத்திவிட வேண்டும். பிறகு ராடோடு சேர்த்துக் குறைந்தது 5 நிமிடம் அலசல். அவசரக்காரர்கள் விட்டுவிடும் படி அடுத்தது: டவலால் ஒவ்வொரு ராடையும் ஒற்றி எடுப்பது. நீர் நின்றால் நியூட்ரலைசர் நீர்த்துப்போகும். இரண்டே நாளில் சுருள் அவிழ்வதற்கு வழக்கமான காரணம் இதுதான். மாறாக, ஈரத்தில் சுருண்டும் காய்ந்ததும் பஞ்சாகவும் நின்றால் லோஷன் அதிக நேரம் இருந்துவிட்டது என்று பொருள். அப்போது இன்னொரு முறை பெர்மிங் செய்து சரி பண்ணுகிறோம் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

48 மணி நேரம் தலைக்குத் தண்ணீர், கிளிப், ஹேர்பேண்ட் எதுவும் வேண்டாம். பிறகும் இழுத்துப் பின்னினால் தூக்கிவிட்ட வேர் படிந்துவிடும். தினமும் இறுக்கமாக ஜடை போட்டு வேலைக்குப் போகிறவர் என்றால் இந்தச் செலவே தேவையில்லை. தேங்காய் எண்ணெயைக் குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு நீளத்துக்கு மட்டும் தடவுங்கள், உச்சியில் வேண்டாம்.

மூன்று மாதத்தில் 3 செ.மீ. நேர்முடி முளைத்து, எழும்பிய இடம் கீழே இறங்கியிருக்கும். மறுபடி செய்தால் புதிதாக முளைத்ததற்கு மட்டும்தான் லோஷன் படலாம். அவ்வளவு குட்டையை ராடில் பிடிப்பது கஷ்டம், எனவே ஆறு மாத இடைவெளி விடுங்கள்.

ஒன்றைக் கேட்க விட்டுவிட்டோம்: முடி முதலிலிருந்தே மெல்லியதா, சமீபத்தில் மெலிந்ததா? வகிடு அகலமாகிக்கொண்டு வந்தால் முதலில் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

சோதனையில் முடி தேறாவிட்டால், நீளத்தில் கை வைக்காமல் மேலடுக்கில் மட்டும் லேயர் வெட்டச் சொல்லி எடையைக் குறைக்கலாம். முக்கால்வாசி காய்ந்த முடியில் உச்சியில் நான்கு வெல்க்ரோ ரோலர், 20 நிமிடம். வகிட்டை வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் எடுங்கள். ஒரே பக்கம் படிந்து பழகிய வேர் கொஞ்சம் முரண்டுபிடித்து நிற்கும்.